அடிப்பகுதி இல்லாத தாள்

நல்ல பெயர் ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொண்டுவிட்டால், அதை உரித்தெடுப்பது கெட்ட பெயரைக் கழுவுவதைவிடக் கஷ்டம். வெர்லன் ஸ்டான்சிலுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் ‘அடக்கமான மனுஷன்’. ஹார்க்கர் கவுண்டி என்கிற வட்டாரத்தில், பைன் ஃபோர்க் பாப்டிஸ்ட் சபையில், அப்படி ஓர் ஆளைக் காட்டு என்றால் சின்னப் பிள்ளைகூட வெர்லனைத்தான் காட்டும்.

பெயர் வந்த விதம் இது. நவம்பர் மாதம் படைவீரர் தினத்தை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்துக்கு முன்னால், பட்டாளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள் என்பார் பாஸ்டர் லாசிட்டர். பதினைந்து இருபது பேர் எழுவார்கள். சபை கைதட்டும். வெர்லன் மட்டும் சரியாக அந்த நேரத்துக்குப் பின்பக்கச் சமையல்கூடத்தில் காபி ஆகிவிட்டதா என்று பார்க்கப் போயிருப்பார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, இருபது வருஷத்துக்கு மேலாக இதே கதை. அந்தக் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆள் நிற்கவேண்டிய அவசியமே இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

“பாத்தீங்களா? கைதட்டு வாங்கக்கூட நிக்கமாட்டேங்குறாரு. இவருதான்யா மனுஷன்!” என்று பாஸ்டர் மேடையிலேயே சொல்லிவிடுவார். அந்தக் கைதட்டல் சமையல்கூடத்துச் சுவரைத் தாண்டி வரும். வெர்லனுக்கு இடது காது அரைகுறைதான். ஆனால் இது மட்டும் நன்றாகக் கேட்கும்.

உண்மையில் அவரிடம் அடக்கமும் இல்லை, ஆணவமும் இல்லை. இருந்ததெல்லாம் பயம்.

வெர்லன் பட்டாளத்தில் இருந்தது மூன்று வருஷமும் சில மாதமும். ஜெர்மனியில், பீரங்கிப் படையில், பீரங்கி இழுக்கும் வண்டிகளைப் பழுது பார்க்கிற வேலை. காது போனதும் அங்கேதான். தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டில், அப்பாவுக்கு நுரையீரல் நோய் முற்றிவிட்டது என்று செய்தி வந்தது. பதினான்கு நாள் லீவு கொடுத்து அனுப்பினார்கள். பதினான்கு நாளில் சாகவேண்டும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். வெளியே வயலில் புகையிலை பழுத்து நின்றது. பறித்து, இலையை உலர்த்துகிற சூட்டுக் கொட்டகையில் ஏற்ற ஆளில்லை. அப்பாவை அடக்கம் செய்து, கடைசிக் கொட்டகைப் புகையிலையை இறக்கிவிட்டு வெர்லன் திரும்பிப் போய் நின்றபோது லீவு முடிந்து இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது. அப்போது வயது இருபத்திரண்டு.

சார்ஜென்ட் மூஞ்சிக்கு நேரே நின்று கத்தினார். “உனக்குக் குடுக்கப்போற தாளு நீ சாகுற வரைக்கும் உன் கழுத்துல தொங்கும்டா!” கேப்டன் ஆஸ்ட்ராண்டர் கத்தவில்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, அப்பா பெயர் என்ன, எந்த ஊர்ச் சபையில் அடக்கம் செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு போகலாம் என்று கையைக் காட்டினார். கத்தியவரை வெர்லன் மறந்துவிட்டார். கத்தாதவரைத்தான் மறக்கவில்லை. அவ்வளவு அமைதியாக ஒருவனுடைய தலையெழுத்தை எழுதுகிற ஆள் பாம்பாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றியது. முதலில் வந்த நோட்டீஸில், கௌரவத்துக்குப் புறம்பான நிலைமைகளில் உன்னை நீக்க இடமுண்டு என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்கு மேல் வெர்லன் எதையும் படிக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டார்.

வெளியே அனுப்புகிற நாளில் குமாஸ்தா இரண்டு விடுவிப்புத் தாள் கொடுத்தான். ஒன்று முழுத் தாள். இன்னொன்று அதே தாள்தான், ஆனால் அடிப்பகுதி இல்லாதது. எப்பேர்ப்பட்ட விதத்தில் வெளியேறினான் என்று எழுதியிருக்கிற கட்டங்கள் அந்த அடிப்பகுதியில்தான் இருக்கும். “வேல கேக்குற எடத்துல இந்தச் சின்னதக் காட்டு. பெருச பத்திரமா வெச்சுக்க,” என்றான் அவன். எல்லாருக்கும் சொல்கிற வார்த்தைதான் அது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பெரிய தாளை மறைக்கத்தான் சின்னத் தாள் தருகிறார்கள் என்று வெர்லன் முடிவு கட்டிவிட்டார். பஸ் நிலையத்துக் கழிப்பறையில் நின்று, மடித்த பெரிய தாளைப் பிரித்துப் பார்க்காமலே எட்டாகக் கிழித்துத் தண்ணீரை இழுத்துவிட்டார். படித்தால்தானே அது நிஜமாகும் என்று நினைப்பு. அந்தக் குளிர்காலத்தில் அவருடைய படை வளைகுடாப் போருக்குப் போனது. அவர் ஊரில் கோழிப்பண்ணையில் கொட்டகை கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சாதாரணம். நாடினைக் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூட பஸ் பட்டறையில் மெக்கானிக் வேலை கிடைத்தது. பட்டாளத்தில் இருந்தது நாடினுக்குத் தெரியும், எப்படி வெளியே வந்தார் என்பது தெரியாது. கேட்டால், “அதையெல்லாம் பேச வேணாம்மா,” என்பார். சண்டையைப் பார்த்த ஆட்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று அவள் விட்டுவிட்டாள்.

இப்படியே போயிருக்கும். போன வருஷம் வேறு ஏதோ மாநிலத்தில் ஒருவன் ஆராதனை நேரத்தில் சபைக்குள் புகுந்து சுட்டான். பைன் ஃபோர்க் சபையின் மூப்பர்கள் உட்கார்ந்து பேசி, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு ஆண்கள் கோட்டுக்குள் கைத்துப்பாக்கியோடு உட்காருவது என்று தீர்மானித்தார்கள். அப்படி மறைத்து வைத்துக்கொள்ள, கவுண்டிப் போலீஸான ஷெரிப் ஆபீஸில் பெர்மிட் வாங்கவேண்டும். ஆறு பேருக்கும் தலைவர் வேண்டும். யார் என்று பாஸ்டர் கேட்கவே இல்லை.

“வெர்லன் இருக்கும்போது நமக்கென்ன கவல? பட்டாளத்து ஆளு. சத்தம் போடாத ஆளு,” என்றார் பாஸ்டர்.

“ஆமா பாஸ்டர், கள்ளன் வந்தா ப்ரதர் வெர்லன் காபி குடுத்தே அனுப்பிடுவாரு,” என்றார் தீவனக்கடை ராய்ஸ் விட். அறையே சிரித்தது. ராய்ஸ் இருக்கிற அறையில் யாராவது எதற்காவது சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

வெர்லன் வாயைத் திறந்தார். “எனக்குக் காது…” என்று ஆரம்பித்தார்.

“கண்ணு இருக்குல்ல? அது போதும்,” என்றார் ராய்ஸ்.

முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. உண்மையான காரணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அங்கே நாடினுக்குச் செய்தி முன்னாடியே வந்துவிட்டது. பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமைக்கிறவள் அவள், ஊர்ச் செய்தி எல்லாம் அந்தப் பானைக்குள் விழுந்துதான் வெளியே வரும்.

“முப்பது வருஷத்துல இந்த ஊரு உன்ன ஒரு தலைவன்னு கூப்பிட்டிருக்கா? இப்பவாச்சும் கூப்புட்டாங்களே,” என்றாள். கண்ணில் தண்ணீர். அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

பெர்மிட்டுக்காகச் சனிக்கிழமை முழுக்க வகுப்பு. எட்டு மணி நேரம் சட்டம் சொல்லி, கடைசியில் சுடச் சொன்னார்கள். ஆறு பேரில் வெர்லனுடைய குண்டுகள்தான் ஒரு கைக்குட்டை அகலத்துக்குள் விழுந்தன. “பட்டாளத்துக் கை!” என்று முதுகில் தட்டினார் ராய்ஸ். அந்தத் தட்டுக்கு உடம்பு கூசியது.

மறுவாரம் ஷெரிப் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றார். உள்ளே மிஸ் ஆக்ஸன்டைன். அறுபது வயசு, கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடி, யார் வந்தாலும் கண்ணு என்று கூப்பிடுகிற பழக்கம். கைதி வந்தாலும் கண்ணுதான். வகுப்புச் சான்றிதழைப் பார்த்தாள், கைரேகை எடுத்தாள், பட்டாளத்தில் இருந்தீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டிருப்பதைப் பார்த்தாள். அங்கே மட்டும் பொய் எழுத அவருக்குத் தைரியம் வரவில்லை. பொய் எழுதினால் குற்றம் என்று அதன் கீழேயே அச்சடித்திருந்தது.

அவர் நீட்டிய சின்னத் தாளைப் பார்த்துவிட்டு அவள் திருப்பினாள்.

“இதுல அடிப்பகுதி இல்லையே கண்ணு.”

“எங்கிட்ட இதுதாம்மா இருக்கு.”

“இது ஆகாது. முழுத் தாளு வேணும். கௌரவக்கொறச்சலா வெளிய வந்தவங்களுக்கு நம்ம மாநிலத்துல இந்தப் பெர்மிட் கெடையாது. அதப் பாக்குறதுக்குத்தான் அடிப்பகுதி. செயின்ட் லூயிஸுல பட்டாளத்து ஆவணக் கூடம் இருக்கு, எழுதிப் போட்டா அனுப்புவாங்க.” ஒரு துண்டுச் சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தாள். “ஒண்ணும் பயப்படாதீங்க. வந்துரும்.”

பயப்படாதே என்று அவள் சொன்னது எதைப் பற்றி என்று அவளுக்கே தெரியாது. பின்னால் வரிசையில் நின்ற நான்கு பேரும் தன் முதுகைப் பார்க்கிறார்கள் என்று வெர்லனுக்குத் தோன்றியது. அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டை வண்டியின் வெயில்மறைப்பில் செருகினார். எழுதிப் போடவில்லை.

ஒவ்வொருவருக்கும் வரிசையாகப் பெர்மிட் வந்தது. மற்ற ஐந்து பேருக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராய்ஸ் கோட்டைத் தட்டிக் காட்டிக் கேட்பார். “என்ன ப்ரதர், உன் பெர்மிட் நடந்தே வருதா? எங்கயாச்சும் கால் நோவுதுன்னு உக்காந்துருச்சா?”

“ஆபீஸுல தாமசம்,” என்பார் வெர்லன்.

“ஷெரிப் நமக்கு வேண்டியவருதான். நான் ஒரு வார்த்த போன் போட்டுக் கேக்கட்டுமா?” என்றார் பாஸ்டர்.

“வேணாம் பாஸ்டர்! வேணாம்!” சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. “அவங்களுக்கு எவ்வளவோ வேல,” என்று இழுத்தார். சிபாரிசுகூட வேண்டாம் என்கிற ஆள் என்று, அதுவும் அவருடைய அடக்கத்தின் கணக்கிலேயே போய்ச் சேர்ந்தது. இந்த ஊருக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் இப்படித்தான், அவர் எச்சில் துப்பினாலும் அதில் ஒரு நற்குணத்தைக் கண்டுபிடிக்கும்.

ஒருநாள் நாடின் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். வெயிலுக்கு மறைப்பைக் கீழே இழுத்தபோது ஆவணக் கூடத்து முகவரிச் சீட்டு மடியில் விழுந்தது. மறுநாள் காலை, பிஸ்கட் என்கிற குட்டி ரொட்டியும் குழம்பும் வைத்த தட்டுக்குப் பக்கத்தில் ஒரு விண்ணப்பத்தை வைத்தாள்.

“மூணு மாசமா இதத்தான் ஆபீஸுல தாமசம்னு சொன்னியா? சோம்பேறி. நான் எல்லாம் எழுதிட்டேன். எந்தெந்தக் காகிதம் வேணும்னு கேட்டிருந்தாங்க, எல்லாத்துக்கும் டிக் போட்டுட்டேன். ஒண்ணு வாங்குறதுக்கு மொத்தமா வாங்கி வெச்சா தப்பில்ல. கையெழுத்து மட்டும் போடு.”

போடமாட்டேன் என்றால் ஏன் என்பாள். வெர்லன் போட்டார். அதே கையெழுத்துதான். இதுவும் படிக்காமல் போட்டதுதான்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது ஓட்டம். அஞ்சல் வண்டி பன்னிரண்டு மணிக்கு அவர்கள் தெருவுக்கு வரும். நாடின் மூன்று மணிக்குத்தான் வீடு திரும்புவாள். பட்டறையில் சாப்பாட்டு நேரம் அரைமணி. வீடு பதினோரு மைல். ஓட்டிக்கொண்டு வந்து, சாலையோரத் தபால் பெட்டியைத் திறந்து, மளிகைக்கடை விளம்பரத்தையும் மின்சார பில்லையும் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் திரும்புவார். ஏழு வாரம். இடுப்பில் பெல்ட்டை ஒரு துளை உள்ளே மாற்றவேண்டி வந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்கு வழி முழுக்கப் பயம், வீட்டில் பயம், ஜெபத்தில் கண்ணை மூடினாலும் பயம். முப்பத்துமூன்று வருஷம் சுமந்ததைவிட இந்த ஏழு வாரம் ஆளை அடித்துப் போட்டுவிட்டது. வந்து தொலையட்டும் என்றுகூட நினைக்க ஆரம்பித்தார்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளோடு ஒரு பஸ் ஆற்றுப் பாலத்தில் நின்றுவிட்டது. காலையில் போனவர் நாலு மணிக்குத்தான் அதை இழுத்து வந்து சேர்த்தார். வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேஜையில் பழுப்பு நிறத்தில் தடித்த உறை ஒன்று கிடந்தது. ஒட்டியபடியே இருந்தது.

“உன் பேருக்கு வந்தது. நான் பிரிக்கல,” என்றாள் நாடின். பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். “எதுக்கு மூஞ்சி இப்படிப் போகுது?”

வெர்லன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். கையில் கிரீஸ். உறையைத் தொடவில்லை.

“நாடின், அதுல நல்ல சேதி இல்ல.”

பிறகு சொன்னார். அப்பா, புகையிலை, இருபத்துமூன்று நாள், சார்ஜென்ட் கத்தியது, கேப்டன் கத்தாதது, கழிப்பறையில் கிழித்தது, காபி பார்க்கப் போனது. காது சரியில்லாதவர்கள் பேசுகிற மாதிரி, சத்தம் ஏறியும் இறங்கியும் வந்தது. அவள் பீன்ஸை நிறுத்திவிட்டாள்.

“அப்பாவ அடக்கம் பண்ணிட்டுப் போனது ஒரு குத்தமா?” என்றாள் முதலில்.

“பட்டாளத்துல குத்தம்தான்.”

“சரி, குத்தம். அதச் சொன்னா நான் ஓடிப்போயிருப்பேனா? என்னை என்னன்னு நெனச்ச நீ?” எழுந்தாள், உட்கார்ந்தாள். “நாம வாங்கப் பாத்த டாலிவர் வீடு ஞாபகம் இருக்கா? அந்த வராண்டா, பின்னால ரெண்டு பீக்கன் மரம். பாங்க்ல கடன் தரமாட்டேன்னுட்டான். பட்டாளத்து ஆளுங்களுக்கு வீட்டுக் கடன் இருக்காமே, போய்க் கேளுன்னு நான் எத்தன தடவ சொன்னேன்? ‘எனக்கெல்லாம் தரமாட்டாங்க’ன்னு சொன்ன. ஏன்னு சொன்னியா? நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எங்கூட ஒரு வீடு வாங்க உனக்கு விருப்பம் இல்லன்னு நெனச்சேன். இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்.”

வெர்லனுக்கு இது தெரியாது. சபை என்ன நினைக்கும் என்று பயந்தார், பாஸ்டர் என்ன நினைப்பார் என்று பயந்தார். தன் பக்கத்தில் படுத்திருக்கிறவள் இப்படி ஒன்றை நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

“இல்ல நாடின். அது இல்ல,” என்றார்.

“அத இப்பத்தான் வந்து சொல்ற.”

உறையைப் பிரிக்கும்படி அவர் கேட்டதற்கு, “நீ கிழிச்சத நான் பிரிக்கணுமா?” என்றுவிட்டாள். மறுநாள் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். “வா. அந்த ஜன்னலுக்குப் போவோம். இல்லன்னு சொன்னா இல்லன்னு கேட்டுக்கிட்டு வருவோம். பாஸ்டர்கிட்டயும் சொல்லிடலாம். இந்தத் தபால் பெட்டிக்கு ஓடுற பொழப்பு போதும்.” அவள் ஓட்டத்தையும் கவனித்திருக்கிறாள்.

ஷெரிப் ஆபீஸில் கூட்டமில்லை. வெர்லன் உறையை ஒட்டியபடியே ஜன்னலுக்குள் தள்ளினார்.

“என்ன கண்ணு, பிரிச்சே பாக்கலையா?” மிஸ் ஆக்ஸன்டைன் கத்தரியால் ஓரத்தை நறுக்கினாள். காகிதங்களைத் தட்டி அடுக்கி, மேலே இருந்ததை எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, விரலால் கீழே கீழே இறங்கினாள். வெர்லன் ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டார். நாடின் அவருடைய கோட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆச்சு. சரியா இருக்கு,” என்றாள் மிஸ் ஆக்ஸன்டைன், முத்திரைக் கட்டையை எடுத்துக்கொண்டே.

“என்ன சரியா இருக்கு?” என்றார் வெர்லன்.

“தாளு.”

“இல்லம்மா. நல்லாப் பாருங்க. அது கெட்ட தாளு.”

அவள் முத்திரையைக் கீழே வைத்தாள். தாளை அவர் பக்கம் திருப்பி, ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். “படிங்க. ‘பொது விடுவிப்பு, கௌரவமான நிலைமைகளில்.’ முதல் ரகம் இல்லதான். ரெண்டாவது ரகம். பெர்மிட் மறுக்குறது இதுக்கும் கீழ உள்ள ரகத்துக்குத்தான். எங்கண்ணனுக்கும் இதே தாளுதான் கண்ணு.”

வெர்லன் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாடின்தான் கேட்டாள்.

“உங்கண்ணனுக்கு வீட்டுக் கடன் குடுத்தாங்களா?”

“ஏன் குடுக்காம? காலேஜு படிப்புக்குத்தான் மாட்டேன்னாங்க. மத்ததெல்லாம் உண்டு. வீடு அதுலதான் வாங்கினான். காதுக்கு மிஷின் குடுத்திருக்காங்க, அதப் போடத்தான் மாட்டேங்குறான்.” முத்திரையைக் குத்தினாள். “நாப்பத்தஞ்சு நாளுக்குள்ள பெர்மிட் வந்துரும். மத்த காகிதமெல்லாம் எனக்கு வேண்டியதில்ல, எடுத்துக்கிட்டுப் போங்க.”

நாடின் நன்றி சொன்னாள். வெர்லன் சொன்னாரா என்பது அவருக்கு நினைவில்லை.

வண்டிக்குள் உட்கார்ந்தும் அவர் சாவியைப் போடவில்லை. நாடின் மடியில் மிச்சக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பல் பரிசோதனை, தடுப்பூசி, உடுப்பு அளவு, அவள் டிக் போட்டதெல்லாம் வந்திருந்தது. பாதியில் நின்று ஒரு தாளை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“ஆஸ்ட்ராண்டர்னு ஒருத்தரு எழுதியிருக்காரு.”

“அந்த ஆளா? தூக்கிப் போடு.”

“வாய மூடிக்கிட்டுக் கேளு.”

அவர் காதுக்கு எட்டவேண்டுமே, சத்தமாகத்தான் படித்தாள். பக்கத்து வண்டியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் கவலைப்படவில்லை.

“‘ஸ்டான்சில் இருபத்துமூன்று நாள் வரவில்லை. அவனைத் தேடிப் பிடிக்க யாரும் போகவில்லை, தானாகவே திரும்பி வந்தான். அவன் ஊர்ச் சபைப் போதகருக்குத் தொலைபேசியில் பேசினேன். தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறான் என்பது உண்மை. மூன்று வருஷத்தில் அவன் கை பட்ட வண்டி ஒன்றுகூட வழியில் நின்றதில்லை. அவனை இனிப் படையில் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அவனுக்கு இருபத்திரண்டு வயது. வீடு வாங்கவும் வேலை தேடவும் தடையாக நிற்கும் ஒரு தாளை அவன் கையில் கொடுப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். பொது விடுவிப்புக் கொடுக்கும்படி சிபாரிசு செய்கிறேன்.’”

படித்து முடித்ததும் நாடின் ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தாள். முப்பது வருஷத்துப் பாக்கி அவளிடம் நிறைய இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டாள்.

வெர்லன் முன்கண்ணாடி வழியாக ஷெரிப் ஆபீஸின் செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வரவில்லை. பத்துப் பஸ்ஸைத் தனியாளாகத் தள்ளிவிட்டு வந்தது போல் கையும் காலும் ஓய்ந்து கிடந்தன.

“தெனம் காலைல எந்திரிச்சதும் அந்த மனுஷன ஒரு தடவ திட்டுவேன், நாடின். ஜெபம் பண்ண மறந்த நாள் உண்டு. அவரத் திட்ட மறந்த நாள் இல்ல,” என்றார். “என் வாழ்க்கைய யாரு பூட்டி வெச்சதுன்னு யாராச்சும் கேட்டிருந்தா, அவரத்தான் கை காட்டியிருப்பேன்.”

நாடின் தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றி அவர் பக்கம் வந்து நின்றாள்.

“எறங்கு. அந்தப் பக்கம் போய் உக்காரு,” என்றாள். “நான் ஓட்டுறேன்.”